துப்பிய பாலில் இருந்த சத்து

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக்காரர் டீ குடித்த சத்தத்தைப் பற்றி என் பிறந்த வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மேட்டுப்பாளையத்தில் எங்கள் கூடத்தில் பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அம்மா நீட்டிய தம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு சர்ரென்று ஓர் உறிஞ்சல். பேச்சு அப்படியே நின்றுபோனது. வாயை மூடிக்கொண்டு இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டினார். சுற்றுமுற்றும் பார்த்தார். துப்ப இடம் தேடுகிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இடம் கிடைக்காமல் விழுங்கிவிட்டு, என் அப்பாவிடம் பணிவாகச் சொன்னார்: "நல்ல தூளுதானுங்க. டப்பாவப் பெருங்காயத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கறீங்க." அம்மா உள்ளே போய்ப் பார்த்தாள். அப்படித்தான் வைத்திருந்தாள். இந்த மாப்பிள்ளையை யாரும் ஏமாற்ற முடியாது என்று அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. இந்த ஆளுக்குச் சமைத்துப் போட்டு நல்ல பேர் வாங்க முடியாது என்று நான் நினைத்தேன். இருவர் நினைத்ததும் சரியாகவே இருந்தது.

அவர் குன்னூரில் டீ டேஸ்டர். ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்த்து, இது இன்ன தரம், இன்ன விலை போகும் என்று சொல்கிற வேலை. மலையில் இருக்கும் ஃபேக்டரிகளிலிருந்து அவருடைய தரகு அலுவலகத்துக்குச் சாம்பிள் பொட்டலங்கள் வரும். நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் ஒரே அளவு தூள், ஒரே அளவு கொதிநீர், அதன்மேல் கொஞ்சம் பால். கரண்டியால் எடுத்து உறிஞ்சி, உருட்டி, கூடவே தள்ளிக்கொண்டு வரும் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விட வேண்டும். விழுங்கினால் வேலை நடக்காது. அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்வார். அந்தச் சொல்லை வைத்துத்தான் ஏலத்தில் விலை தொடங்கும். அந்த விலையை வைத்துத்தான், வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவரின் பச்சை இலைக்குக் காசு. அதனால் அவருடைய நாக்கை நம்பி எங்கள் வீட்டு அடுப்பு மட்டும் எரியவில்லை.

அந்த நாக்குக்கு எங்கள் வீட்டில் நடந்த உபசாரத்தைக் கோயில் மூலவருக்குக்கூட யாரும் செய்திருக்க மாட்டார்கள். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, பெருங்காயம் கிடையவே கிடையாது. ஊறுகாய் ஜாடியை நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒளித்துவைத்துச் சாப்பிட்டேன். பூண்டு தட்டிப் போடாத அரிசிம்பருப்புச் சாதத்தை எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் நோயாளிக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அதுதான் விருந்து. மல்லிகைப் பூ வைத்துக்கொள்ளச் சனிக்கிழமை சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். காலையில் ஊதுபத்தி ஏற்றினால் சாமிக்கு முன்னால் இவர் கோபித்துக்கொள்வார். நான் சண்டை போடாத நாள் இல்லை. ஆனாலும் கடைத்தெருவில் யாராவது "அவரு நாக்குல வெச்சுட்டாருன்னா அது முடிஞ்சதுங்க" என்று சொல்லும்போது, உப்புச் சப்பில்லாமல் சமைத்த கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பேன்.

வயது ஐம்பதைத் தாண்டியதும் அவருக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது. பாலும் தயிரும் நாக்கில் படலம் கட்டுகின்றன, அதனால் ருசி மங்குகிறது என்று அந்தத் தொழிலில் மூத்தவர் ஒருவர் எப்போதோ சொல்லியிருந்ததைப் பிடித்துக்கொண்டார். முதலில் தயிர் போனது. பிறகு மோர். பிறகு வீட்டில் குடிக்கும் டீயில் பால். கடைசியில் நெய்யும். நாங்கள் சைவம், முட்டைகூட வீட்டுக்குள் வராது. ஆக, மிச்சம் இருந்தது சோறு, பருப்பு, காய், கீரை, பால் விடாத கட்டன் டீ. சந்நியாசம் வாங்கப் போகிறீர்களா என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் தொழிலுக்காகத் தவம் இருப்பதாகத்தான் நினைத்தார். அதே சமையலறையில் நான் மட்டும் இரண்டு வேளையும் தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஜெகதளா பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வைட்டமின் குறைபாட்டு நோய்கள் என்று ஓர் அட்டவணை உண்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஏ குறைந்தால் மாலைக்கண். பி ஒன்று குறைந்தால் பெரிபெரி. சி குறைந்தால் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி. டி குறைந்தால் கால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ். அட்டவணையின் கடைசி வரிசையில் பி பன்னிரண்டு என்று ஒன்று இருக்கும். பரீட்சையில் அதைக் கேட்க மாட்டார்கள் என்று பிள்ளைகளும் படிக்க மாட்டார்கள், நானும் வற்புறுத்த மாட்டேன். அந்தக் கடைசி வரிசை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து கட்டன் டீ குடித்துக்கொண்டிருந்தது.

உடம்பு ஒன்றையும் மறைக்கவில்லை; எல்லாவற்றுக்கும் எங்களிடம்தான் ஒரு சமாதானம் இருந்தது. விரல் முட்டிகள் கறுத்தன. டீயோடு புழங்குகிற கை, கறை படியாதா என்றோம். மேல் குன்னூர் ஏற்றத்தில் மூச்சு வாங்கினார், வயசாகிறது என்றோம். பாதம் மரத்து, பஞ்சுமேல் நடப்பதுபோல் இருக்கிறது என்றார். குன்னூர்க் குளிருக்கு யாருக்குத்தான் பாதம் மரக்காது என்று இன்னொரு ஜோடி சாக்ஸ் வாங்கினோம். ஒருநாள் கடையிலிருந்து ஒரு கால் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று வழியில் கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. நாக்கு சிவந்து, தோலுரித்த தக்காளிபோல வழவழவென்று ஆகி, எரிந்தது. சூடு என்றேன். மணத்தக்காளிக் கீரை, எண்ணெய்க் குளியல் என்று எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்தேன். தேங்காய்ப்பால் கொடுத்தபோது மட்டும், அதுவும் பால்தானே என்று தம்ளரைத் தள்ளிவிட்டார். முன்பு அதிர்ந்து பேசாத மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஃபேக்டரி மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சிறு விவசாயிகளின் இலையை வாங்கி அரைக்கும் ஃபேக்டரி அது. மேனேஜர் இந்த மலையின் படுகர் இனத்தவர், வீட்டுக்காரரை நெடுநாளாகத் தெரிந்தவர். அவர்கள் தூள் சப்பென்று இருக்கிறது என்று இவர் வாரக்கணக்கில் சொல்லி, விலையை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். இவர் சொன்னபடி அவர்களும் உலர்த்தும் சூட்டைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள், அரைப்பை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் இவருக்குப் பிடிக்கவில்லை. மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. கொண்டுவந்த கேரட்டையும் பீன்ஸையும் என்னிடம் கொடுத்துவிட்டு, இவரைப் பார்த்துக் கேட்டார்: "கொறை என்னன்னு சொல்லுங்க சார், மாத்திக்கறோம். இலை போடறவங்களுக்கு நான் பதில் சொல்லோணுமில்லீங்களா." இவர் ஏதோ சொல்லி அனுப்பினார். அவர் போன பிறகும் இவர் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகப் பையிலிருந்து சில சாம்பிள் பொட்டலங்களை எடுத்து என்னிடம் கொடுத்தார். எது எதில் என்று தனக்குச் சொல்லாமல் டீ போட்டுக் கொண்டு வரச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு விளையாட்டுப் புத்தி. நல்ல தூள் ஒன்று, சாதாரணத் தூள் ஒன்று போட்டுவிட்டு, மூன்றாவது தம்ளரில், நான் காலையில் வடிகட்டி வைத்திருந்த சக்கையை மறுபடி கொதிக்கவிட்டு ஊற்றினேன். கண்டுபிடித்துக் கத்துவார், சிரிக்கலாம் என்று நினைத்தேன். முதல் இரண்டையும் மாற்றிச் சொன்னார். மூன்றாவதை உறிஞ்சி, உருட்டி, தலையாட்டி, இது நல்ல மேட்டுத் தோட்டத்து இலை, பதமாகக் காய்ந்திருக்கிறது என்றார். நான் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். எந்த ஃபேக்டரி என்று கேட்டார். நான் சொல்ல வேண்டியிருந்தது. "காலையில வடிச்ச சக்கைங்க."

அவர் எழுந்தார். தம்ளர்களைத் தானே கழுவி வைத்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. அவருக்கு ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருந்தது, எங்கள் மகளின் கல்யாணம் பேசி வைத்திருந்தோம். நாக்கில்லாத டேஸ்டரை எந்த அலுவலகம் வைத்துக்கொள்ளும்? இந்தத் தொழிலில் சளி பிடித்தாலே வெளியில் சொல்ல மாட்டார்கள். எச்சில் விழுங்கிக்கொண்டு, போன வாரம் சொன்னதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லிச் சமாளிப்பார்கள். நானும் அந்த யோசனையைத்தான் சொன்னேன். லீவு போட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள், சரியானால் நல்லது, யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "அந்த மேனேஜர் இந்த வாரமும் சூட்டக் கூட்டுவாரே கண்ணு, அவருக்கு யாரு சொல்றது?"

திங்கட்கிழமை நடந்ததை, அதே அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த ஓர் அக்கா எனக்குச் சொன்னார். ருசி பார்க்கும் அறையில் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். வாங்க வந்த வியாபாரிகளும் சிலர் நின்றிருக்கிறார்கள். கோப்பைகள் ஊற்றி ஆயிற்று. இவர் கரண்டியை எடுத்தார், மறுபடி மேசையில் வைத்தார். "எனக்கு ருசி தெரியலீங்க. எப்ப இருந்துன்னும் எனக்குத் தெரியலீங்க. நான் போட்ட வெல எதையும் நம்பாதீங்க, வேற ஆள வெச்சு மறுக்கா பாருங்க." மேலதிகாரி அவரைத் தனியே கூப்பிட்டு, இதை என் அறைக்கு வந்து சொல்லியிருக்கலாமே, இத்தனை பேருக்கு முன்னால் ஏன் என்று கடிந்துகொண்டார். அதற்கும் இவர் தயங்கவில்லையாம். "கொறை சொன்னது எல்லாருக்கும் முன்னாலதானுங்களே." பிறகு மேனேஜருக்குத் தானே போன் போட்டு, தவறு தூளில் இல்லை, தன்னிடம்தான், பழையபடியே அரையுங்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு நடந்தே வந்திருக்கிறார்.

இப்போது எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது. இது தீரக்கூடிய வியாதி என்று அவருக்கு அப்போது தெரியாது என்பதை மட்டும் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நாக்கு போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். கடைத்தெருவில் நாக்கு செத்த டேஸ்டர் என்று பேர் வைத்தார்கள். இலை போட்டவர்கள் சிலர், நஷ்டத்தை எங்கே போய்க் கேட்பது என்று வாய்விட்டுத் திட்டினார்கள். அவர்கள் திட்டியது நியாயம் என்று அவரே சொன்னார். ஒருவரிடமும் நோயைக் காரணம் காட்டி இரக்கம் கேட்கவில்லை. மேனேஜர் மட்டும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

பிறகுதான் டாக்டரிடம் போனோம். குன்னூரில் ஒரு பெண் டாக்டர், வயதில் சின்னவர். நாக்கைப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். கை விரல்களை விரித்து முட்டியைத் தேய்த்துப் பார்த்தார், கறை போகவில்லை. காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது இவர் தள்ளாடி என்மேல் சாய்ந்தார். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டதும், இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தான் என்னென்ன சாப்பிடுவதில்லை என்ற பட்டியலைப் பெருமையோடு ஒப்பித்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "ஏனுங்க, அப்ப என்னதான் சாப்பிடறீங்க?" என்றார்.

ரத்தப் பரிசோதனை டாக்டர் சந்தேகப்பட்டதையே சொன்னது: பி பன்னிரண்டு குறைபாடு. அந்தச் சத்து செடிகொடிகளில் கிடைக்காது. கீரை எவ்வளவு தின்றாலும் வராது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றிலிருந்துதான் வர வேண்டும். சிலருக்கு எல்லாம் சாப்பிட்டும் குடல் அதை உள்ளே வாங்காது. நெடுநாள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, அசிடிட்டி மாத்திரைகூடக் காரணமாகலாம். இவருக்கு அதெல்லாம் இல்லை. ஈரல் சேர்த்து வைத்ததைக் கொண்டு உடம்பு சில வருஷம் சமாளிக்கும், அதனால்தான் விட்ட அன்றே தெரியாது. இருப்பு தீர்ந்ததும் ரத்தம் சோகை பிடிக்கும், நரம்பின் மேலுறை தேயும், நாக்கின் மொட்டுகள் உதிரும், மறதியும் கோபமும் வரும். நாக்கைக் காக்க எதை விட்டாரோ, அது போனதால்தான் நாக்கு போனது. அத்தனை வருஷம் தினம் தினம் பாலை வாயில் வைத்து உருட்டித் துப்பிய மனிதர் அவர். அந்தத் தொட்டியில் போனதில் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் போதும். இதை நான் சொன்னபோது, அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஊசி மருந்து செக்கச்செவேல் என்று இருந்தது. நல்ல டஸ்ட் டீத்தூள் போட்ட தண்ணீரின் நிறம் என்றார். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. தயிரும் பாலும் தட்டுக்குத் திரும்பின. எரிச்சல் முதலில் போனது. கோபம் எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. ஒருநாள் காலை பால் விட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, "பால்காரர் தண்ணி கலக்கறாரு" என்றார். நான் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பால்காரரிடம் சண்டைக்குப் போகாமல் அன்று அந்த மனிதருக்கும் ஒரு தம்ளர் டீ போட்டுக் கொடுத்தேன். ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அலுவலகம் அவரை அனுப்பிவிடவில்லை. ஆனால் இவர் ஒரு நிபந்தனை போட்டார். பெயர் மறைத்த கோப்பைகளை மற்றவர்கள் ஊற்றி வைக்க வேண்டும், அதே தூளை இரண்டு இடத்தில் ஒளித்து வைக்க வேண்டும், இரண்டையும் ஒன்றென்று தான் கண்டுபிடித்தால்தான் விலை சொல்வேன் என்றார். கண்டுபிடித்தார். அதன் பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எல்லா டேஸ்டர்களுக்கும் அந்தச் சோதனை நடக்க வேண்டும் என்று வாதாடி அதை வழக்கமாக்கினார். நானும் என் பங்குக்கு வகுப்பில் அட்டவணையை ஒப்பிக்கச் சொல்வதை விட்டேன். உங்கள் வீட்டில் யாருக்கு உதட்டோரம் வெடித்திருக்கிறது, யார் சாயங்காலமானால் தட்டித் தடவி நடக்கிறார்கள், மழைக்காலம் முழுக்கக் கம்பளிக் குல்லாயோடு வீட்டுக்குள்ளேயே கிடக்கும் கைக்குழந்தை எது என்று கேட்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் கை தூக்கினார்கள். யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

பாதத்தின் மரப்பு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு விஷயத்தில் நாங்கள் தாமதித்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னார். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆன பிறகும், சோதனைக்குக் கோப்பை ஊற்றி ஒளித்து வைக்க அலுவலகத்தில் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். படி இறங்கும்போது கால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அதனால் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போகிறேன். என்னை ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். வீட்டில் இப்போது பூண்டும் பெருங்காயமும் தாராளம், வார நாளிலும் மல்லிகை வைக்கிறேன். சோதனை நாளன்று மட்டும் பழைய விதிகள்.

போன முறை போயிருந்தபோது ஏலம் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டிருந்தது. ருசி பார்ப்பது மட்டும் நாக்கில்தான் நடக்கிறது. டேஸ்டர்களில் ஒருத்தி இளம்பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். வரிசையில் பாதி வந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ராத்திரியில இருந்து சளிங்க. இன்னிக்கு நான் சொன்னது எதையும் எழுதாதீங்க" என்றாள். எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு கோடு இழுத்தார். அடுத்தவர் அவள் விட்ட கோப்பையிலிருந்து தொடர்ந்தார். எங்கள் வீட்டுக்காரர் குனிந்து அடுத்த வரிசைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அறையில் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தது நான் ஒருத்திதான்.